குளிசையை நிறுத்தாதீர்கள், வைத்தியரிடம் சொல்லுங்கள்

2009 இல் கணவரை இழந்தேன். முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகும், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல்கள் இரவிரவாகக் கேட்டன. அக்காதான் என்னை மனநலக் கிளினிக்கிற்குக் கூட்டிச் சென்றார். றிஸ்பெரிடோன் என்ற குளிசை தந்தார்கள். சில வாரங்களில் குரல்கள் ஓய்ந்தன. சமைக்கவும், மகனைப் பள்ளிக்கூடம் அனுப்பவும் என்னால் முடிந்தது.

ஆனால் மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. ஒருநாள் குளிக்கும்போது மார்பில் பால் கசிந்தது. மகனுக்கு அப்போது எட்டு வயது. கணவன் இல்லாதவளின் சட்டையில் பால் ஈரம் கண்டால் ஊர் என்ன கதைக்கும்? ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையை நிறுத்தினேன். குரல்கள் திரும்பி வந்தன.

கடைசியில் கிளினிக் தாதியிடம் அழுதுகொண்டே சொன்னேன். "இது மருந்தால வாறது பிள்ளை, உம்மில பிழையில்லை" என்றார். வைத்தியர் வழமைப்படி கர்ப்பப் பரிசோதனை செய்வித்தார். தைரொயிட்டையும் புரோலக்ரினையும் பார்க்க இரத்தமும் எடுப்பித்தார். புரோலக்ரின் மிகக் கூடியிருந்தது.

தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் ஓமோன் அது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து வருகிறது. டோபமின் என்ற பொருள் அதை அடக்கி வைத்திருக்கும். குரல்களைத் தணிப்பதற்காக மருந்து டோபமினின் வேலையைத் தடுக்கும்போது, இந்தக் கட்டுப்பாடும் தளர்ந்துவிடுகிறது. றிஸ்பெரிடோன், ஹலோபெரிடோல், அமிசல்பிரைட் போன்றவற்றில் இது கூடுதலாக நேர்கிறது. அரிபிபிரசோல், குவெற்றியபின், குளோசபின் ஆகியவற்றில் குறைவு. நீண்டகாலம் கவனிக்காமல் விட்டால் ஈஸ்ட்ரஜன் குறைந்து எலும்புகளும் பலமிழக்கலாம்.

என் மருந்தை வைத்தியர் மெல்ல மெல்ல அரிபிபிரசோலுக்கு மாற்றினார். இரண்டு மாதத்தில் மாதவிடாய் வந்தது. பாலும் நின்றது. குரல்கள் திரும்பவில்லை. சிலருக்கு மருந்தின் அளவைக் குறைத்தாலே போதும் என்றார். தலையிடியோ பார்வைக் குறைவோ சேர்ந்திருந்தால் உடனே சொல்ல வேண்டும். கபச்சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

கணவரோடு வாழும் சகோதரிகளுக்கு இன்னொன்று: மாதவிடாய் நின்றிருப்பது கருத்தடையல்ல. மருந்து மாறியதும், மாதவிடாய் வருவதற்கு முன்னரே கருத்தரிக்கலாம். வைத்தியரிடம் முன்கூட்டியே கதையுங்கள்.

ஆண் வைத்தியரிடம் சொல்ல வெட்கமென்றால் தாதியிடம் சொல்லுங்கள். ஒரு துண்டில் எழுதியும் கொடுக்கலாம். நான் வெட்கத்தால் மறைத்த அந்த வாரங்களில் என் பிள்ளைதான் பயந்து பயந்து என் பக்கத்தில் விழித்திருந்தான்.