ஓட்டு வீட்டுக்கு மேலே மாமரக் கிளை... ஒரு ஓடுகூட உடையாமல் இறக்குவது எப்படி?

ஐப்பசி மழைக்கு முன்னால் தெருவுக்குத் தெரு கேட்கிற சத்தம் அது. முதலில் ‘விர்ர்ர்’ என்று மெஷின் ரம்பம். அடுத்து ‘மடமட’வென்று ஒரு முறிவு. கடைசியில் ‘டமார்!’ அதன்பின் சில நொடிகள் அமைதி. பிறகு வீட்டுக்கார அம்மாவின் குரல். ஓடு உடைந்திருக்கும். இல்லையென்றால் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், காம்பவுண்டு சுவர், மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாய், ஓரமாக நிறுத்தியிருந்த பைக் என்று ஏதாவது ஒன்று.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு வீட்டின் மேல் நீண்டிருக்கும் கிளையைப் பார்த்தாலே பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. பயம் நியாயமானதுதான். ஆனால், அந்தப் பயத்தில் யாரையாவது கூப்பிட்டு அவசர அவசரமாக வெட்டச் சொல்லும்போது, புயல் செய்யாத சேதத்தை ரம்பம் செய்துவிடுகிறது.

காலி இடத்தில் நிற்கும் மரத்தின் கிளையை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். கீழே வீடு இருந்தால், வெட்டுவது கால்வாசி வேலைதான். இறக்குவதுதான் முக்கால்வாசி.

கிளையின் கனம் தெரியுமா?

பச்சை மரம் முழுக்க ஈரம். அதன் எடை, அதே அளவு தண்ணீரின் எடைக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒரு அடி குறுக்களவும் பத்து அடி நீளமும் உள்ள ஒரு கிளைத்துண்டு ஏறக்குறைய 200 கிலோ வரும். நான்கு சிமென்ட் மூட்டை! சின்னக் கொப்புகள், இலை, காய் இவற்றின் எடை தனி.

அந்த நான்கு மூட்டையைத்தான், பல இடங்களில், கீழே நிற்கும் இரண்டு பேர் கயிற்றைக் கையில் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள். மேலே அறுத்து முடித்த நொடியில் கயிறு உள்ளங்கையைச் சீவிக்கொண்டு ஓடும். சுரீரென்று எரிந்ததும் கை தானாக விட்டுவிடும். அது யாருடைய தவறும் இல்லை, கையின் இயல்பு அப்படி. விடாமல் பிடிக்க வேண்டுமென்று கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். கிளை கீழே வரும், ஆள் மேலே போவார்.

மூன்று சுற்று, ஒரு கை

இதற்கான தீர்வு கிளைக்கு மேலே தொடங்குகிறது. வெட்டப்போகும் கிளையைவிட உயரத்தில், நல்ல உறுதியான கவை ஒன்றைப் பார்க்க வேண்டும். அதில் கப்பி கட்டி, அதன் வழியாகக் கயிற்றைவிட்டு ஒரு முனையைக் கிளையில் கட்டுவார்கள். மறுமுனை கீழே வந்து, அதே மரத்தின் அடிமரத்தை இரண்டு மூன்று முறை சுற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பிடிப்பவரின் கைக்குப் போகும்.

அந்தச் சுற்றுகளில்தான் சூட்சுமம். படகுத்துறையில் கவனித்திருக்கலாம். பெரிய படகைக்கூட ஒற்றை ஆள், கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்திவிடுவார். கயிறு மரத்தோடு உரசும் உராய்வு பாரத்தைத் தின்றுவிடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதில்லை, மடங்கு கணக்கில் குறைகிறது. 18-ம் நூற்றாண்டுக் கணித மேதை லியோனார்ட் ஆய்லர் இதற்குச் சூத்திரமே எழுதிவைத்திருக்கிறார். உராய்வை நடுத்தரமாக வைத்துக்கொண்டால் ஒரு முழுச்சுற்றில் பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். 200 கிலோ கிளை ஒரு சுற்றில் 40 கிலோ. இரண்டு சுற்றில் 9 கிலோ. மூன்று சுற்றில் 2 கிலோவுக்கும் கீழே! ஒரு கை போதும்.

அதற்காகப் பத்துச் சுற்றுச் சுற்றிவிடக் கூடாது. கிளை அந்தரத்தில் நின்றுவிடும். இழுத்துத் தள்ளித் தளர்த்தும்போது வெடுக்கென்று இறங்கும். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக இருக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் கிளைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. தரையில் சுருண்டு கிடக்கும் மிச்சக் கயிற்றுக்குள் கால் வைக்கவும் கூடாது. ஓடுகிற கயிறு காலைப் பிடித்தால் விடாது.

இதில் பலரும் கோட்டைவிடும் ஒரு விஷயம் உண்டு. ஒரு பக்கம் 200 கிலோ கிளை தொங்குகிறது. மறுபக்கம் கயிறு அதே அளவுக்கு இழுபட்டுக் கீழே வருகிறது. ஆக, மேலே கப்பி கட்டிய கவை தாங்குவது 200 கிலோவை அல்ல, கிட்டத்தட்ட 400 கிலோவை. வேம்பு, புளி போன்ற மரங்களின் ஆரோக்கியமான தடித்த கவை என்றால் நம்பலாம். பொந்து விழுந்தது, கரையான் ஏறியது, பிளவு கண்டது எதையும் நம்பக் கூடாது. முருங்கையை நம்பவே கூடாது!

எங்கே முடிச்சு, அங்கே விதி

கிளையில் கயிற்றை எந்த இடத்தில் கட்டுவது? வீடு தப்புமா, தப்பாதா என்பது பாதி இதில்தான் முடிவாகிறது.

அடிப்பக்கத்தில், அதாவது வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டினால், வெட்டியதும் நுனி முதலில் தொங்கும். நுனிக்குக் கீழே காலி இடம் என்றால் பிரச்னை இல்லை. ஆனால், நுனிக்குக் கீழேதான் அடுக்களை ஓடு இருக்கிறதென்றால், துடைப்பம் மாதிரி எல்லா ஓட்டையும் கலைத்துவிட்டுத்தான் வரும்.

அங்கே நுனிப்பக்கம் கட்ட வேண்டும். அப்போது நுனி மேலேயே நிற்க, கனமான அடிப்பக்கம் மரத்தை ஒட்டிக் கீழே இறங்கும். ஓட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால், விடுபட்ட கிளை ஊஞ்சல் மாதிரி மரத்தை நோக்கி ஆடிவரும். மேலே நிற்பவர் அந்த வழியில் இருந்தால் அவர் கதி அதோகதி. அதனால்தான் அனுபவஸ்தர்கள் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு அறுப்பார்கள். அறுப்பதற்கு முன்பே கயிற்றைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள்.

சுற்றிலும் இடமே இல்லையா? அடியில் ஒன்று, நுனியில் ஒன்று என இரண்டு கட்டுப்போட்டு, தராசுத்தட்டு மாதிரி கிளையைக் கிடைமட்டமாகவே இறக்குவதும் உண்டு. பொறுமை வேண்டும், நேரமும் வேண்டும். இவை எதுவானாலும், கிளையில் இன்னொரு மெல்லிய கயிற்றைக் கட்டித் தரையில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டால், கிளை சுழலாமல் வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். தேர் இழுக்கும்போது முட்டுக்கட்டை போடுபவரின் வேலை மாதிரி, சின்னதாகத் தெரியும். அது இல்லாவிட்டால்தான் அருமை புரியும்.

கைக்கு அடங்கும் சின்னக் கொப்புகளுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. மேலிருந்து பாதிக்குமேல் ஒரு அறுப்பு, ஓரிரு அங்குலம் தள்ளிக் கீழிருந்து பாதிக்குமேல் ஒரு அறுப்பு. துண்டு விழாமல் அப்படியே நிற்கும். ரம்பத்தை நிறுத்தி மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து ஒடித்து, காலி இடம் பார்த்துப் போடலாம்.

தென்னை... அது வேறு கதை

கிளை இல்லாத மரம்தானே, தென்னை சுலபம் என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. இருப்பதிலேயே சிரமம் அதுதான். கிளை மரத்தில் கப்பி மேலே, கிளை கீழே. தென்னையில் கொண்டையை வெட்டிய பிறகு மேலே கட்ட எதுவும் இல்லை. கப்பியை வெட்டும் இடத்துக்குக் கீழே, அதே தண்டில்தான் கட்ட வேண்டும். வெட்டிய துண்டு முதலில் கப்பியைத் தாண்டி விழும். பிறகு கயிறு அதை வெடுக்கென்று பிடிக்கும். அந்த உலுக்கலில் கயிற்றில் ஏறும் பாரம் துண்டின் எடையைப் போலப் பல மடங்கு. அந்த உலுக்கல் மொத்தத்தையும் வாங்குவது, ஏறியவர் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கும் அதே தண்டு.

இதற்கு இரண்டே வழி. ஒன்று, துண்டைச் சிறிதாக்குவது. ஒரு அடி குறுக்களவுள்ள தண்டில் மூன்றடித் துண்டே 60, 70 கிலோ வந்துவிடும். இரண்டு, கீழே பிடிப்பவர் கயிற்றைச் சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் ஓடவிட்டு, பிரேக் பிடிப்பதைப்போலப் படிப்படியாக நிறுத்துவது. பேருந்து ஓட்டுநர் திடீர் பிரேக் அடித்தால் என்ன ஆகும்? அதேதான். சந்தில் நிற்கும் தென்னைக்குக் கிரேன் நுழையுமென்றால், கூடுதல் வாடகை கொடுத்தாலும் அதுவே நல்லது.

கிணற்றுக் கயிறு வேண்டாமே!

வெயிலிலும் மழையிலும் கிடந்த பழைய கயிறு, பார்க்க முழுசாக இருக்கும். உள்ளே இழைகள் செத்திருக்கும். மரம் இறக்கும் வேலையில், கயிறு எவ்வளவு பாரத்தில் அறுமோ அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது தொழில்முறைக்காரர்களின் கணக்கு. 200 கிலோ கிளைக்கு, 2,000 கிலோ தாங்கும் கயிறு. கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால், முடிச்சுப் போட்டதுமே கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடப் போய்விடலாம். மேலே சொன்ன உலுக்கல் வேறு இருக்கிறது. பாலியஸ்டர் கயிறு அதிகம் நீளாது, உராய்வுச் சூட்டையும் ஓரளவு தாங்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான பிளாஸ்டிக் கயிறு, அடிமரத்தில் சுற்றி ஓடவிட்டால் சூட்டில் உருக ஆரம்பிக்கும்.

மரத்தில் ஏறுபவருக்கென்று தனிக் கயிறு வேண்டும். கிளையை இறக்கும் கயிற்றோடு அவரைக் கட்டவே கூடாது. தலையில் ஹெல்மெட், இடுப்பில் பெல்ட் இல்லாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறுபவர்களே இங்கே அதிகம். ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசும் நாம், கீழே எத்தனை பேர் நிற்பார்கள், கப்பி இருக்கிறதா, அவருக்குத் தனிக் கயிறு உண்டா என்று கேட்பதில்லை. விழுந்தால் ஓட்டை மாற்றிக்கொள்ளலாம். அவரை நம்பி இருக்கும் வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

கரன்ட் கம்பி என்றால் கையே வைக்காதீர்கள்

இதுவரை சொன்னது எல்லாம் ஓட்டுக்கும் சுவருக்கும்தான். கிளைக்குப் பக்கத்தில் மின்கம்பி போனால் எந்தக் கயிற்று வித்தையும் செல்லாது. பச்சைக் கிளையிலும் ஈரக் கயிற்றிலும் மின்சாரம் பாயும். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோமே என்று சிலர் தைரியமாக ஏறிவிடுகிறார்கள். மெயினை அணைத்தால் வீட்டுக்குள்தான் கரன்ட் இருக்காது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியில் அப்படியேதான் இருக்கும். மின்வாரிய ஊழியர்கள் வந்து லைனை நிறுத்த வேண்டும். மின்னகம் எண் 94987 94987. தெருவோர மரம் என்றால் உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் தேவை.

மரமும் பிழைக்கணும்

ஓடு தப்பியது, ஆள் தப்பினார். மரம்? நேராக மேலிருந்து அறுத்தால், பாதியிலேயே கிளை தன் கனத்தில் முறிந்து, அடிமரத்துப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். வாழைப்பழத் தோல் உரிவதைப்போல. அதைத் தடுக்க முதல் அறுப்பு கீழிருந்து. அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கால் பங்கு ஆழத்துக்கு. இரண்டாவது, அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து. கிளை போய்விடும், ஒரு முண்டு மிஞ்சும். மூன்றாவது அறுப்பில் அந்த முண்டு.

அந்தக் கடைசி அறுப்பு எங்கே என்பதில், சுவர் போல வழவழப்பாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு ஒட்ட அறுப்பதே நெடுங்காலப் பழக்கம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ, ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து அது தவறென்று காட்டினார். கிளை பிறக்கும் இடத்தில் சட்டைக் காலர் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். காயத்தை மூடும் திசு அதில்தான் இருக்கிறது. அதை வெட்டாமல், அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். தாரோ பெயின்ட்டோ பூச வேண்டியதில்லை. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் கண்டு சொன்னதுதான். சரியாக அறுத்திருந்தால், ஒன்றிரண்டு மழைக்காலம் கழித்து அண்ணாந்து பார்க்கும்போது, வெட்டிய வட்டத்தின் ஓரமெல்லாம் புதுப்பட்டை வளையமாகத் திரண்டு வந்திருக்கும்.