பழைய கரடி பொம்மையைக் குப்பையில் போடலாமா?

தீபாவளி நெருங்கிவிட்டால், மலாக்காவில் தோட்டத்து லயமானாலும் டாமான் வீடானாலும் ஒட்டடை அடிக்கும் வேலை தொடங்கிவிடும். அப்போது அலமாரியின் மேலிருந்து ஒரு பழைய கரடி பொம்மை கீழே வரும். அன்றிரவு தம்பி அதைக் கட்டிக்கொண்டு தூங்குவான். விடிந்ததும் அடுக்கடுக்காகத் தும்முவான். சில பிள்ளைகளுக்கு இழுப்பும் வந்துவிடும். "குப்பையில் போடு" என்பார் அம்மா. தம்பி அழுவான். மாணவர்களே, பொம்மையையும் தம்பியையும் ஒருசேரக் காப்பாற்ற அறிவியல் வழி காட்டுகிறது.

தும்மல் எங்கிருந்து வருகிறது?

வீட்டுத் தூசியில் தூசு உண்ணி என்ற சின்னஞ்சிறு உயிரி வாழ்கிறது. மலாய் மொழியில் இதை ஹாமா என்பார்கள். எட்டுக் கால் கொண்ட இது சிலந்திக்கு உறவு. நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர்தான். இது நம்மைக் கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்கிறது. தண்ணீரும் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் பல நாள் தொடர்ந்து 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உலர்ந்து செத்துவிடும். ஆனால் மலாக்காவிலோ ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. தூசு உண்ணிக்கு இதைவிட நல்ல ஊர் வேண்டுமா?

தூசி ஒவ்வாமைக்கு இந்த உண்ணி காரணமாக இருக்கலாம் என்று 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் எழுதினார்கள். பின்னர் அது உறுதியானது. தொல்லை தருவதில் முதலிடம் உண்ணியின் எச்சத்துக்கு. உணவைச் செரிக்க அது சுரக்கும் புரதங்கள் எச்சத்தோடு வெளியேறி, பொம்மையின் இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. பொம்மையை அணைக்கும்போது அவை மூக்கினுள் போகின்றன.

ஆகவே, உண்ணியைக் கொல்வது வேறு; அது விட்டுச்சென்ற புரதத்தை நீக்குவது வேறு. இரண்டும் நடந்தால்தான் பொம்மை சுத்தம்.

கொல்வதும் கழுவுவதும்

வெயிலில் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மேற்பரப்பு சூடாகும், உள்ளே இருக்கும் உண்ணிகள் பல தப்பிவிடும். ஃபிரீசரில் வைத்தால் உண்ணி சாகும். புரதம் அப்படியே இருக்கும். குளிர்ந்த நீரில் துவைத்தால், நீரில் கரையும் அந்தப் புரதத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் இழையைப் பற்றிக்கொண்ட உண்ணிகள் பிழைத்துக்கொள்ளும். 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் இரண்டையும் முடிக்கும். ஆனால் பசையால் ஒட்டிய கண்ணும் மூக்கும் அதில் கழன்றுவிடலாம்.

வீட்டில் எளிதான வழி இது:

1. பொம்மையை பிளாஸ்டிக் பையில் கட்டி, ஃபிரீசரில் இரண்டு நாள் வையுங்கள். உள்ளே அடைத்த பஞ்சு குளிரைத் தடுக்கும் என்பதால் ஓர் இரவு போதாது.

2. பேட்டரி, ஒலிப்பெட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள். பிரிந்த தையலைத் தைத்துவிடுங்கள்.

3. தலையணை உறையில் போட்டு வாயைக் கட்டி, சலவை இயந்திரத்தில் மெதுவான சுற்றில் துவையுங்கள். சோப்புத் தூளைக் குறைவாகப் போட்டு, இருமுறை அலசுங்கள்.

4. முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் சுற்றி அழுத்தி நீரை எடுங்கள்.

காயாத பொம்மை ஆபத்து

வெளியே தொட்டால் காய்ந்தது போல் இருக்கும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். அதுவும் ஒவ்வாமை தரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை: துவைக்கும் முன் பொம்மையைச் சமையல் தராசில் நிறுத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் மீண்டும் நிறுங்கள். 250 கிராம் இருந்தது 290 கிராம் காட்டினால், 40 கிராம் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது! பழைய எடைக்கு வரும்வரை வெயிலிலும் விசிறிக் காற்றிலும் காய வையுங்கள். மாலை மழை விடாத நாட்களில், டவுனில் உள்ள சுயசேவை டோபிக் கடையின் உலர்த்தும் இயந்திரம் உதவும்; பொம்மையின் துணிச்சீட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள்.

பாட்டி காலத்துப் பொம்மை என்றால் உள்ளே இலவம்பஞ்சு இருக்கலாம். அது நனைந்தால் கட்டிகட்டியாகிவிடும். தையலைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, மேல்துணியை மட்டும் துவைத்து, புதிய பாலியெஸ்டர் பஞ்சை அடைத்துத் தைத்துவிடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். தூசி தட்டும் வேலையை ஆஸ்துமா உள்ளவரிடம் கொடுக்காதீர்கள். பொம்மை சுத்தமாகிவிட்டது என்று மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தவும் கூடாது. தம்பியின் தலையணையிலும் மெத்தையிலும் உண்ணிகள் இருக்கின்றன. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். அதன்பின் கரடி தன் இடத்துக்குத் திரும்பலாம்.