வாத்து மந்தையும் கப்பல் மந்தையும்: கான்வாய் எப்படி இயங்குகிறது?

மன்னார்குடிப் பக்கமோ ஒரத்தநாட்டுப் பக்கமோ அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் வாத்து இருந்தாலும் ஓட்டுபவர்கள் இரண்டு மூன்று பேர்தான், கையில் ஒரு நீளக் கோல். இரண்டாம் உலகப் போரின்போது சரக்குக் கப்பல்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். முப்பது நாற்பது சரக்குக் கப்பல்கள் சேர்ந்து போகும். சுற்றிலும் நான்கைந்து போர்க்கப்பல்கள் காவலுக்குப் போகும். இதற்குத்தான் கான்வாய் என்று பெயர். பதுங்கியிருந்த நரி, ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்.

நரியிடமிருந்தே தொடங்குவோம். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும்.

காலிக் குடத்தைக் குளத்தில் விட்டால் மிதக்கும், தண்ணீர் நிரம்பினால் முழுகும். நீர்மூழ்கி செய்வதும் அதுவே. அதன் பக்கங்களில் பெரிய தொட்டிகள் உண்டு. அவற்றைத் திறந்தால் கடல்நீர் புகும், கப்பல் கீழே போகும். மேலே வர வேண்டுமானால், அழுத்தி அடைத்து வைத்திருக்கும் காற்றைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள்.

அடுத்தது எஞ்சின். அது டீசலில் ஓடுவது. விறகடுப்பைப் போல அதற்கும் காற்று வேண்டும், அதுவும் புகை விடும். கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு விறகடுப்பு எரிக்க முடியுமா? ஆகவே தண்ணீருக்கடியில் டீசல் எஞ்சினை நிறுத்திவிட்டு பேட்டரியில் ஓட்டுவார்கள். கரண்ட் போனபின் வீட்டு இன்வெர்ட்டரில் மின்விசிறி மட்டும் போட்டால் ராத்திரி முழுக்க ஓடும். கிரைண்டரையும் போட்டால் சீக்கிரமே படுத்துவிடும். நீர்மூழ்கியின் பேட்டரியும் அப்படித்தான். முழு வேகத்தில் போனால் ஒரு மணி நேரம் போல, ஊர்ந்து போனால் ஒரு நாள் போலத் தாங்கும். பிறகு மேலே வந்து டீசல் எஞ்சினை ஓட்டி மறுபடி சார்ஜ் ஏற்றியாக வேண்டும்.

இதிலிருந்து பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் கிடைக்கிறது. ஜெர்மனி அதிகம் பயன்படுத்திய ஏழாம் வகை நீர்மூழ்கி, கடல்மட்டத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் போகும். அடியில் சிக்கனமாகப் போனால் 7 கிலோமீட்டர்தான், வேகமாக நடக்கிற ஆளின் வேகம். சைக்கிள் வேகத்தில் போகிற மெதுவான கான்வாயைக்கூட அடியிலிருந்து அதனால் துரத்த முடியாது. முன்கூட்டியே வழியில் போய்ப் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் மேலே வந்து ஓட வேண்டும். சினிமாவில் காட்டுவதுபோல எந்நேரமும் அடியிலேயே திரிந்த பிராணி இல்லை அது. பெரும்பாலும் மேலேதான் ஓடும், ஆபத்து வந்தால் முழுகும்.

சரி, ஏன் மந்தையாகப் போக வேண்டும்? எல்லாக் கப்பலும் ஒரே இடத்தில் இருந்தால் நரிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகாதா? பிரிட்டிஷ் கடற்படைக்கே முதல் உலகப் போரில் இந்தச் சந்தேகம் இருந்தது. 1917 ஏப்ரல் மாதத்தில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கும் அதிகமான கப்பல்கள் மூழ்கிய பிறகுதான் அரைமனதோடு கான்வாய்க்குச் சம்மதித்தார்கள். இழப்பு குறைந்தது.

காரணம் எளியது. நாற்பது வாத்தை நாளுக்கு ஒன்றாக ஒரே வரப்பில் அனுப்பினால், வரப்போரம் படுத்திருக்கும் நரிக்கு நாற்பது நாளும் சாப்பாடு. நாற்பதையும் ஒரே நாளில் ஓட்டினால் அதற்குக் கிடைப்பது ஒரு வாய்ப்பு. அன்றைக்கு நரி அடுத்த வயலில் இருந்தால் அதுவும் இல்லை. கடல் அவ்வளவு பெரியது. தாழ்வான நீர்மூழ்கியின் மேல்தட்டில் நிற்பவன் கண்ணுக்குத் தனிக் கப்பல் எவ்வளவு தூரத்தில் தெரியுமோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரத்தில்தான் நாற்பது கப்பல் கூட்டமும் தெரியும்.

இப்போது மந்தையை அடுக்குவோம். நீளமாகப் போகாது, அகலமாகப் போகும். பத்துப் பன்னிரண்டு வரிசைகள் பக்கம் பக்கமாக, ஒவ்வொரு வரிசையிலும் நாலைந்து கப்பல்கள் மட்டும். நீர்மூழ்கி ஏவும் நீரடிக் குண்டான டார்பிடோ பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்துதான் வரும், அதனால் பக்கவாட்டைக் குட்டையாக வைத்தார்கள். எண்ணெய்க் கப்பலும் வெடிமருந்துக் கப்பலும் நடுவில் போகும். ராத்திரியில் ஒரு விளக்கும் வெளியே தெரியக் கூடாது. சமையல் கழிவைக்கூடப் பகலில் கடலில் கொட்டக் கூடாது, மிதக்கும் கழிவு போன வழியைக் காட்டிக்கொடுத்துவிடும். மந்தையின் வேகம் என்பது இருப்பதிலேயே மெதுவான கப்பலின் வேகம். எஞ்சின் கோளாறாகிப் பின்தங்கிய கப்பலுக்காக மந்தை நிற்காது. நரிக்கு முதலில் அகப்பட்டதும் அந்த மாதிரிக் கப்பல்தான்.

நரியும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் ஒரு முறை வகுத்தார். முதலில் நீர்மூழ்கிகள் கடலின் குறுக்கே இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். ஒன்று கான்வாயைப் பார்த்ததும் தாக்காது, வானொலியில் ஊளையிடும். பிறகு மற்றவை அங்கே கூடும். இருட்டியதும் எல்லாம் சேர்ந்து, முழுகாமல் கடல்மட்டத்திலேயே மந்தைக்குள் புகும். 1940 அக்டோபரில் எஸ்.சி. 7 என்ற கான்வாயின் 35 கப்பல்களில் 20 போயின, பெரும்பாலானவை இப்படித்தான். பாதிக்கு மேல். காவலுக்கு முதலில் இருந்தது ஒரே ஒரு சிறு போர்க்கப்பல்.

ஆனால் ஊளைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நரி ஊளையிட்டால் மற்ற நரிகளுக்கு மட்டுமா கேட்கும்? எந்தத் திசை என்று வாத்துக்காரருக்கும் தெரிந்துவிடும். வானொலி அலை வரும் திசையைக் கணிக்கும் கருவியைக் காவல் கப்பல்களில் வைத்தார்கள். நீர்மூழ்கி செய்தி அனுப்பிய சில விநாடிகளில் திசை கிடைத்தது, உடனே ஒரு காவல் கப்பல் அங்கே பாயும். இருட்டில் மேலே வருவதைப் பார்க்க ரேடாரும் வந்தது.

முழுகிவிட்டால்? அதற்குச் சோனார். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருவதுபோல, தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லும். பிறகு அந்த இடத்துக்கு மேலே போய்ப் பீப்பாய் போன்ற குண்டுகளைத் தள்ளுவார்கள். குறித்த ஆழத்தில் நீரின் அழுத்தம் பட்டதும் அவை வெடிக்கும். இதில் ஒரு ஓட்டை இருந்தது. இலக்குக்கு மிக அருகில் போனதும் எதிரொலி தொலைந்துவிடும். அந்தக் கடைசி நிமிடத்தில்தான் நீர்மூழ்கி திரும்பித் தப்பும்.

எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு கணக்கு. ராத்திரியில் வாத்துகளைச் சுற்றி வலை கட்டி அடைப்பார்கள் அல்லவா? நூறு வாத்துக்கு ஒரு அளவு வலை தேவை என்றால், நானூறு வாத்துக்கு நாலு மடங்கு வலை வேண்டாம், இரண்டு மடங்கே போதும். உள்ளிடம் நாலு மடங்காகும்போது சுற்றளவு இரண்டு மடங்குதான் ஆகும். கான்வாயைச் சுற்றி நிற்கும் காவலுக்கும் இதே கணக்குதான். ஆனாலும் பெரிய கான்வாய் ஆபத்து என்றே கடற்படை நம்பிக்கொண்டிருந்தது. பேட்ரிக் பிளாக்கெட் என்ற இயற்பியலாளரின் குழு பழைய பதிவுகளை எடுத்து எண்ணிப் பார்த்தது. சராசரியாக 32 கப்பல் கொண்ட கான்வாய்களில் இழப்பு 2.5 சதவீதம், 54 கப்பல் கொண்டவற்றில் 1.1 சதவீதம். கான்வாய் பெரிதானாலும், உள்ளே புகுந்த நீர்மூழ்கி மூழ்கடிக்கும் கப்பல்களின் எண்ணிக்கை அதற்கேற்பக் கூடவில்லை. 1943இலிருந்து கான்வாய்களைப் பெரிதாக்கினார்கள். காவலுக்கு மிச்சமான கப்பல்களும் நீண்டதூர விமானங்களும் வேட்டைக்குப் போயின. அந்த ஆண்டு மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. டோனிட்ஸ் மிச்சமானவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். (இந்தப் பிளாக்கெட் பின்னாளில் நேருவுக்குப் பாதுகாப்பு விஷயங்களில் ஆலோசனை சொன்னவர்.)

அட்லாண்டிக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காவல் இல்லாத கடல் எப்படி இருக்கும் என்பதைக் கோரமண்டல் கரை 1942இல் பார்த்தது. மார்ச்சில் பர்மாவின் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. சென்னை மாகாணமும் திருவிதாங்கூரும் இலங்கையும் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பானியப் போர்க்கப்பல்கள் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து, துணையில்லாமல் சிதறிப் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல்களில் 20க்கும் மேற்பட்டவற்றைச் சில நாட்களில் மூழ்கடித்தன.

காவல் இருந்தும் போனவை உண்டு. 1944 பிப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குப் படையினரை ஏற்றிய ஐந்து படைக்கப்பல்கள் கான்வாயாக வந்தன. துணைக்கு ஒரு குரூசரும் இரண்டு டெஸ்ட்ராயர்களுமாக மூன்று போர்க்கப்பல்கள். 12ஆம் தேதி பிற்பகல் மாலத்தீவுகளுக்கு அருகே ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி இரண்டு டார்பிடோக்களால் 'கெடிவ் இஸ்மாயில்' கப்பலை அடித்தது. இரண்டு நிமிடத்துக்குள் கப்பல் காணாமல் போனது. கிழக்கு ஆப்பிரிக்கப் படையினர், செவிலியர் உட்பட 1,297 பேர் இறந்தார்கள். அடித்த நீர்மூழ்கி, தண்ணீரில் தத்தளித்தவர்களுக்கு நேர் கீழே போய் ஒளிந்துகொண்டது. டெஸ்ட்ராயர் என்ன செய்யும்? விட்டால் மீதி நாலு கப்பலுக்கும் ஆபத்து. உயிரோடு நீந்திக்கொண்டிருந்தவர்கள் நடுவிலேயே குண்டைப் போட்டது. ஐ-27 அன்றே அழிக்கப்பட்டது. அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இன்னொரு கப்பல் நம் நாகப்பட்டினத்துக்கே பழக்கமானது. 'ரோனா', 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் தடத்தில் டெல்டாக்காரர்களை மலேயாவுக்கு ஏற்றிப்போன கப்பல்களில் ஒன்று. போரில் அதைப் படைக்கப்பலாக்கினார்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் கான்வாயில் போகும்போது அது மூழ்கியது. இந்த முறை நரி தண்ணீருக்கடியிலிருந்து வரவில்லை. ஜெர்மன் விமானம் ஒன்று வானொலியால் திசைதிருப்பக்கூடிய குண்டை ஏவி, அதை ஓட்டி வந்து கப்பலின் வயிற்றில் இறக்கியது. இறந்தவர்கள் 1,100க்கும் மேல். பெரும்பாலோர் அமெரிக்கச் சிப்பாய்கள். கப்பலில் வேலை செய்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர். குண்டின் ரகசியத்துக்காக அமெரிக்கா இந்தச் சேதியைப் பல ஆண்டுகள் மூடி வைத்தது.

அதே 1926இல் அதே தடத்துக்காகக் கட்டிய உடன்பிறப்பு 'ரஜூலா' போரில் தப்பி, எழுபதுகள் வரை நாகப்பட்டினத்துக்கு வந்துபோனது. உங்கள் வீட்டில் ரஜூலாவில் ஏறிப்போன தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அந்தப் பயணத்தைப் பற்றி இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.