தேதி தவறும் மழையும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஜூன் முதல் தேதி முல்லைப் பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்பது கம்பம் பள்ளத்தாக்கின் நெடுநாளைய வழக்கம். லோயர் கேம்பில் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் அந்தத் தேதியை நம்பியே நாற்றங்காலுக்குத் தயாராகின்றன. அணையில் நீர் போதாமல் அந்தத் தேதி தள்ளிப்போன ஆண்டுகள் பல. 2019இல் ஆகஸ்ட் கடைசியில்தான் தண்ணீர் வந்தது. முதல் போகம் மூன்று மாதம் பிந்தினால் இரண்டாம் போகத்துக்குக் காலம் போதாமல் போகலாம். அப்படியானால் ஆண்டு வருமானத்தில் பாதி போய்விடும்.

பருவநிலை மாற்றம் என்றதும் உருகும் பனிமலைகளும் மூழ்கும் தீவுகளும்தான் நம் கண்முன் வருகின்றன. கம்பம் பள்ளத்தாக்கு இருக்கும் தேனி மாவட்டத்தில் அது நாற்றங்காலிலும் திராட்சைப் பந்தலிலும் ஏலத்தோட்டக் கூலியிலும் தெரிகிறது.

பள்ளத்தாக்கின் அமைப்பே இந்தப் பாதிப்புக்கு ஒரு காரணம். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதியை மலையின் கேரளச் சரிவு வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் இறங்குவது காற்றும் சாரலும்தான். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பிரிட்டிஷ் பொறியாளர் பென்னிகுயிக். 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. அன்றிலிருந்து இந்த மண் விளைவது மலைக்கு அப்பால் பெய்யும் மழையால். தேனி மட்டுமல்ல, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களும் இந்தத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கின்றன. அந்த மழையின் போக்கு மாறினால் பள்ளத்தாக்கின் போக்கும் மாறியாக வேண்டும்.

மாறுவது ஏன்? நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் காற்றில் கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் அது 280 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தை இந்த வாயு போர்வையாகப் பிடித்துவைக்கிறது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் 1850-1900 காலத்தைவிட சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அளவீடுகள் தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான ஆண்டும் அதுதான்.

ஒன்றரை டிகிரியில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அதில் நிற்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. அரபிக்கடலும் சூடாகி வருகிறது. ஆகவே மழை இறங்கும்போது மொத்தமாக இறங்குகிறது. இறங்காத நாட்களில் அதே சூடான காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஆண்டின் மொத்த மழைக் கணக்கு பெரிதாக மாறாமலே, நாற்பது நாளில் பெய்ய வேண்டியது நாலு நாளில் கொட்டித் தீர்ந்துவிடலாம்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பதை 2018 ஆகஸ்ட் காட்டியது. அந்த ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் வழக்கத்தைவிட 42 சதவீதம் கூடுதல் மழை. ஆகஸ்ட் 15 அன்று முல்லைப் பெரியாறு, உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த 142 அடியைத் தொட்டது. தண்ணீர் இவ்வளவு வந்ததே, பள்ளத்தாக்குக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அணையிலிருந்து இந்தப் பக்கம் வரும் வழி ஒரு சுரங்கம்தான். அதிலும் லோயர் கேம்ப் மின்நிலையக் குழாய்களிலும் ஓரளவுக்கு மேல் தண்ணீர் செல்லாது. அணைக்கு வந்ததோ அதைப்போலப் பல மடங்கு. மிஞ்சியது மதகுகள் வழியாகக் கேரளத்தின் இடுக்கிப் பக்கம் இறங்கியது. அங்கே ஏற்கெனவே வெள்ளத்தில் தத்தளித்தவர்களுக்கு அது மேலும் ஒரு சுமை. நிதானமாகப் பெய்திருந்தால் மாதக்கணக்கில் வயலுக்கு வந்திருக்கக்கூடிய தண்ணீர் அது. அணையின் உயரத்தைப் பற்றி இரு மாநிலங்களும் பல்லாண்டுகளாக வாதாடுகின்றன. மழை பெய்யும் விதமே மாறிவருவதைப் பற்றியும் அதே அக்கறையோடு பேசியாக வேண்டும்.

வறட்சியும் இதே கதையின் இன்னொரு பக்கம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த ஏப்ரலில் ஆண்டிபட்டி அருகே வைகை அணையில், தண்ணீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை அரசுத் தரப்பினர் மிதக்கவிட்டார்கள். காற்றில் அவை கரை ஒதுங்கின, நாடே சிரித்தது. முயற்சி தவறுதான். ஆனால் அவர்கள் தடுக்க நினைத்த இழப்பு உண்மையானது. கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகிப் போகும் தண்ணீர் பெரிது; வெப்பம் கூடக்கூட அது இன்னும் பெருகும். சிரித்து முடித்த பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

இனி மலைக்கு ஏறுவோம். விடியும் முன்பே கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி சாலைகளில் ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் களை எடுக்கவும் காய் பறிக்கவும் போகிறவர்கள் பள்ளத்தாக்கின் கிராமத்தினர், பெரும்பாலும் பெண்கள். பறித்த காய் போடிநாயக்கனூருக்கும் இடுக்கியின் புத்தடிக்கும் ஏலத்துக்கு வருகிறது. ஏலச்செடிக்கு வேண்டியது நிழல், குளிர்ச்சி, விட்டுவிட்டுப் பெய்யும் மழை. மூன்றும் ஆட்டம் காண்கின்றன. பாம்பாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் 1978 முதல் 2007 வரையான பதிவுகளை ஆராய்ந்து, ஏலமலையில் வெப்பம் கூடி வருவதையும் மழை நாட்கள் குறைந்து வருவதையும் காட்டியிருக்கிறார்கள்.

2018 வெள்ளத்தில் செடிகள் அழுகின, சரிவுகள் சரிந்தன. அடுத்த ஆண்டு வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. 2024 கோடையில் இதற்கு நேர்மாறாக வெயில் தாங்காமல் தோட்டங்கள் கருகின. விலை ஏறினால் சரக்கு இருப்பு வைத்திருப்பவருக்கு ஆதாயம். காயே இல்லாத தோட்டத்தில் பறிக்கப் போகிறவருக்குக் கூலி ஏது?

இதில் உள்ளூர்த் தவறும் கலந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஞள்ளானி போன்ற அதிக விளைச்சல் ரகங்களுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும் என்பதால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்தார்கள், பல இடங்களில் மரங்களும் போயின. சூடேறும் காலத்தில் நிழலையும் இழந்த செடி எப்படித் தாங்கும்?

கீழே, பன்னீர் திராட்சையின் சங்கடம் வேறு விதம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சையின் தனிச்சிறப்பு, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது. கவாத்து வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வரும். ஆகவே எப்போது கவாத்து செய்வது என்பதுதான் விவசாயியின் முக்கியமான முடிவு. பூக்கும்போதும் பழுக்கும்போதும் மழை இல்லாதபடி நாள் பார்க்க வேண்டும். பழைய அனுபவம் இப்போது கைகொடுப்பதில்லை. பூவில் மழை விழுந்தால் உதிர்வு, பழத்தில் விழுந்தால் வெடிப்பு, ஈரம் நீடித்தால் அடிச்சாம்பல் நோய். அதற்கு மருந்து தெளித்துத் தெளித்தே கடன் ஏறுகிறது. ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருப்பது பள்ளத்தாக்குக்குப் பலம். நான்கு மாதம் முன்கூட்டிய பருவ முன்னறிவிப்பை ஒவ்வொரு ஊருக்கும் ஏற்றபடி, எளிய தமிழில் கைபேசிக்குக் கொண்டுசேர்த்தால் இங்கே அதன் பயன் உடனே தெரியும்.

நெல்லிலும் செய்யக்கூடியது உண்டு. வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி நிறுத்தாமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்தால் தண்ணீர் மிச்சமாகும்; சேற்றிலிருந்து எழும் மீத்தேன் வாயுவும் குறையும். பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் 18ஆம் கால்வாய் போய்ச் சேரும் கண்மாய்களைத் தூர்வாரி வைத்தால், அணை நிரம்பி வழியும் நாட்களில் சுரங்கம் வழியே வரும் தண்ணீரில் ஒரு பங்கையாவது இந்தப் பக்கம் தேக்கிக்கொள்ளலாம். மலை இடைவெளியில் பாய்ந்து வரும் காற்றை ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் ஏற்கெனவே மின்சாரமாக்குகின்றன. கரிக்கு மாற்றுத் தேடும் உலகத்துக்கு இந்த மாவட்டம் தன் பங்கைச் செலுத்தியே வருகிறது.

செலுத்த வேண்டிய பெரும் கடன் வேறிடத்தில் இருக்கிறது. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு ஏறக்குறைய 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். இந்தியரின் சராசரி 2 டன்தான். ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் தொழிலாளியின் பங்கு அதிலும் சொற்பம். இப்படிப்பட்ட அநியாயத்துக்கு ஈடாகத்தான் 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. மாநாடு, இழப்பு மற்றும் சேத நிதி ஒன்றை உருவாக்க ஒப்புக்கொண்டது. நாடுகளுக்கு இடையிலான அந்தக் கணக்கு தீர்வதற்கு முன் இங்கேயே தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பயிர்க் காப்பீடு பயிரிட்டவரின் இழப்பைத்தான் எண்ணுகிறது. கருகிய தோட்டத்தாலும் மண்சரிவில் மூடிய மலைச்சாலையாலும் வேலை இழந்தவரின் கூலி நாட்கள் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. தினமும் மாநில எல்லையைத் தாண்டிப் போய்வரும் அவர்களைத் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து பதிவு செய்து, வேலையிழந்த நாட்களுக்கு உதவித்தொகை தர வேண்டும்.