ஓட்டழகும் அரநாக்கும்

வடகொல்கத்தாவின் கலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையை வங்காளியர் 'ஷகேர் ஹாட்' என்பர். ஆசைக்கு வாங்குவோரின் சந்தை என்பது பொருள். அங்கே வண்ணமீன் வாங்கிப் பழகியவர் நன்னீரை விட்டுக் கடல்நீர்த் தொட்டிக்கு மாறினால், சில கிழமைகளில் கண்ணாடியில் பழுப்புப் படலம் படியக் காண்பார். அடுத்துப் பச்சைப் பாசி வரும். அதனை வழித்துண்ண நத்தைகளை விடுவது வழக்கம். எந்த நத்தை என்னும் இடத்தில்தான் பலரும் ஓட்டைக் கண்டு மயங்குகின்றனர்.

ஓட்டழகில் சங்கை வெல்ல வங்கத்தில் வேறொன்றில்லை. மணமான மகளிர் கையில் வெள்வளையாகும் அச்சங்கு, நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போரைப் போன்றே மூழ்குவோர் எடுத்து நெடுங்காலமாக அனுப்பிய பொருள். எனினும் அது ஊனுண்ணி. மணலில் புழுத் தேடும் அவ்வுயிர் பாசியை ஏறெடுத்தும் பாராது.

பார்க்க வேண்டியது நாக்கை. வரிசை வரிசையாக நுண்பற்கள் பதிந்த நாடா அது. அரம் போல் அராவும். முன்பற்கள் தேயத் தேயப் பின்னிருந்து புதியவை வளர்ந்து வரும். அலை ஏறியிறங்கும் பாறைகளில் வாழும் நெரைட்டு நத்தை, கருங்கூழாங்கல் போல எளிய தோற்றமுடையது. அது கண்ணாடியில் ஊர்கையில் மறுபுறமிருந்து நோக்குங்கள்: வாய் திறக்கும், நாக்கு நீண்டு ஒருமுறை வழிக்கும், உள்ளே மடங்கும். கடந்த வழியில் பாசி நெளிவரியாக அகன்றிருக்கும். என் தேர்வில் முதலிடம் இதற்கே. குறையும் உண்டு: நீரைவிட்டு மேலேறும் இயல்பினது, ஆகவே தொட்டிக்கு மூடி வேண்டும், எள்போல வெண்முட்டைகளைப் பாறையெங்கும் ஒட்டிவைக்கும்.

திருகாணி வடிவச் செரித்து நத்தை மணலையும் இடுக்கையும் துழாவும். நசாரியசு பாசி உண்ணாது. மணலுள் புதைந்து, மூக்குக்குழலை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். இரை விழுந்த மணம் எட்டியதும் மணலைப் பிளந்தெழும். மீன் தின்னாது விட்ட மிச்சத்துக்கு அதுவே தக்கது.

டிரோக்கசு வகை குப்புற விழுந்தாலும் தானே நிமிரும் திறனுடையது. ஆயின் அந்தமான் கடலில் பொத்தான் செய்யச் சிப்பிக்காக எடுக்கப்பட்ட பெரிய டிரோக்கசும், பச்சைத் தலைப்பாகை நத்தையும் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்ந்தன. இனப்பெயர் சொல்லத் தெரியாத கடையில் இவ்வகையை வாங்காதிருத்தல் நன்று. இந்திய விலங்கியல் அளவை நிறுவனம் 1916 முதல் இயங்கும் நகரில் பெயரறியாமை சாக்காகாது.

சுந்தரவனச் சேற்றில் கூம்புபோல் கிடக்கும் பெருநத்தையைக் கொணர்ந்து விடலாமே என்பார் உண்டு. அது சேற்றுப்படிவை உண்டு, உவர்நீரில் வாழ்வது. தொட்டிக் கண்ணாடி அதற்கு அயல்நிலம்.

கடல் நத்தையின் உடல்நீரில் உப்பு, சூழ்நீரின் உப்பையே பின்பற்றும். சட்டென்று மாறினால் தாங்காது. எனவே தொட்டிநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒரு மணி நேரமாவது பழக்குக. கொல்கத்தாவின் கோடையில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவை நன்னீரால் நிரப்புதல் வேண்டும். மீன் நோய்க்கு இடும் செம்பு மருந்தோ இவற்றுக்கு நஞ்சு. வியப்பென்னவெனில், பல நத்தைகளின் குருதியில் உயிர்வளியைச் சுமப்பதும் செம்பே.

வாங்குமுன் கையிலெடுத்துத் தொடுங்கள். உயிருள்ளது சுருங்கி மூடியை இழுத்துக்கொள்ளும். அசையாவிடில் முகருங்கள்: செத்த நத்தையின் நாற்றம் கடைக்காரரின் சொல்லுக்கு முந்தி வந்துவிடும்.