வழித்தட அளபுரு

வழித்தட அளபுரு என்பது இணையச் செயலியொன்றின் முகவரிப் பாதையில், வேண்டுகோளுக்கு வேண்டுகோள் மாறக்கூடிய பகுதி ஆகும். /நூல்கள்/42 என்னும் பாதையில் "நூல்கள்" மாறாத பகுதி; 42 அளபுருவின் மதிப்பு. நிரலாளர் இதனை /நூல்கள்/:எண் என்னும் ஒரே வார்ப்பாக எழுதிவைப்பதால், ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியே வழித்தடம் அமைக்கத் தேவையில்லை. கேள்விக்குறிக்குப் பின் வரும் வினவல் சரம் பொதுவாகத் தேடல், வரிசைப்படுத்தல் போன்றவற்றுக்குப் பயன்படுகிறது.

செயற்படும் முறை

வேண்டுகோள் வந்ததும், செயலியின் வழிப்படுத்தி அதன் பாதையைப் பதிவுசெய்யப்பட்ட வார்ப்புகளுடன் ஒப்பிடுகிறது. பொருந்தும் வார்ப்பிலுள்ள அளபுருவின் மதிப்பு உரிய செயற்கூற்றிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஜாங்கோ, எக்ஸ்பிரஸ் ஆகிய சட்டகங்களில் வார்ப்புகள் எழுதப்பட்ட வரிசையிலேயே சோதிக்கப்படுகின்றன. ஆகவே /நூல்கள்/புதிது என்பது /நூல்கள்/:எண் என்பதற்கு முன்னர் எழுதப்படல் வேண்டும். இல்லையெனில் "புதிது" என்ற சொல்லே நூலின் எண்ணாகக் கொள்ளப்பட்டுவிடும்.

மதிப்பின் வகை

பாதையிலிருந்து கிடைக்கும் மதிப்பு அடிப்படையில் எழுத்துச் சரமே. எண் வேண்டுமெனில் அதனை மாற்றியமைக்க வேண்டும். 2017 டிசம்பரில் வெளியான ஜாங்கோ 2.0 இதற்கென மாற்றிகளை அறிமுகப்படுத்தியது. முழுவெண் மாற்றி இலக்கங்களை மட்டும் ஏற்று, அவற்றை எண்ணாகவே வழங்கும்.

தமிழ் முகவரிகள்

முகவரிப் பாதையில் ஆசுகி எழுத்துகளுள் சிலவற்றுக்கே நேரடி இடமுண்டு. தமிழ் எழுத்துகள் யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று குறிகளாக எழுதப்படும். "அ" மூன்று பைட்டுகள் கொண்டதால் ஒன்பது குறிகளாகிறது. சட்டகங்கள் இதனை மீண்டும் தமிழாக்கித் தருகின்றன. எனினும் ஜாங்கோவின் சிலக் மாற்றி ஆசுகி எழுத்துகளை மட்டுமே ஏற்பதால், தமிழ்த் தலைப்புகளுக்குச் சர மாற்றியைப் பயன்படுத்த வேண்டும்.

பாதுகாப்பு

முகவரியைப் பயனர் விரும்பியவாறு திருத்தலாம். /பட்டியல்/1001 என்பதை 1002 ஆக்கினால் பிறருடைய பட்டியல் திறக்குமாயின், அது அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடு ஆகும். ஓவாஸ்ப் அமைப்பின் 2021ஆம் ஆண்டுப் பத்து முதன்மை இடர்களின் பட்டியலில் இவ்வகைக் குறைபாடே முதலிடம் பெற்றது. வார்ப்புடன் பொருந்துவது மதிப்பின் வடிவத்தை மட்டுமே உறுதிசெய்யும். அத்தரவைக் காணும் உரிமை கேட்பவருக்கு உண்டா என்பதைச் செயலி ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் தனியே சரிபார்த்தல் இன்றியமையாதது. ஊகிக்கவியலாத நீண்ட அடையாளங்களைப் பயன்படுத்துவது கூடுதல் காப்பே, அச்சரிபார்ப்புக்கு மாற்றாகாது.

இவற்றையும் பார்க்க

- சீரான வள இடங்காட்டி
- மீயுரைப் பரிமாற்ற நெறிமுறை
- ஒருங்குறி