நர்சம்மா வீட்டுக்கு வரும் நாள்

“பிள்ளையைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்கம்மா” என்றார் நர்சம்மா.

திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். ஓட்டு வீட்டின் உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். “பச்ச உடம்புக்காரிக்குக் காத்து படக்கூடாதுல்ல நர்சம்மா” என்று பாட்டி தயங்கினார். “அஞ்சு நிமிஷந்தாம்மா, துணியைச் சுத்தியே தூக்கிட்டு வாங்க” என்று சிரித்தபடியே வாசலில் பாயை விரித்தார் நர்சம்மா.

குழந்தை பிறந்து ஐந்தாம் நாள். சுகப்பிரசவம் என்பதால் மூன்றாம் நாளே தாய் சேய் ஊர்தியில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பாட்டிக்குப் பேரன் மேல் பெருமை தாங்கவில்லை. “ராத்திரி பூரா அழுகவே இல்ல. தூங்கிக்கிட்டே இருக்கான், தங்கம்!” அதைக் கேட்டதும்தான் நர்சம்மாவின் முகம் மாறியது. குழந்தையின் நெற்றி, மார்பு, வயிறு, தொடை என்று ஒவ்வோர் இடமாக விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பார்த்தார். அழுத்திய இடமெல்லாம் மஞ்சள். தொங்கு தராசில் துணித் தூளியோடு மாட்டினார். பிறந்தபோது 2.8 கிலோ, இப்போது முள் 2.45-இல் நின்றது.

“நேத்து ராத்திரியிலிருந்து எத்தனை துணி நனைச்சிருக்கான்?”

“ரெண்டு.”

அன்று மதியமே குழந்தை அரசு மருத்துவமனையில் நீல விளக்கின் கீழ் இருந்தது. இரண்டு நாள் சிகிச்சை. மார்பில் சரியாகப் பொருத்திப் பால் கொடுக்கும் விதத்தைத் தாய்க்கு அங்கேயே கற்றுக்கொடுத்தார்கள். குழந்தை நலமாக வீடு திரும்பியது. அன்று உடன் போயிருந்த எனக்கு ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு வீடே அந்தக் குழந்தை அழாததைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருந்தது. பால் போதாமல் சோர்ந்து கிடக்கிறது என்பது அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

முதல் வாரத்தின் கணக்கு

பிறந்த முதல் 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, முதல் 7 நாளுக்குள்ளேயே இறந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இது பெரிய சாதனை. ஆனால் சுகப்பிரசவமானால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஆபத்தான வாரத்தின் பிற்பாதியைக் குழந்தை வீட்டில்தான் கழிக்கிறது. மஞ்சள் காமாலை உச்சத்துக்கு வருவதும், தாய்க்குப் பால் கட்டிக்கொள்வதும், கிருமித் தொற்று தலைகாட்டுவதும் அந்த நாட்களில்தான்.

இதை உணர்ந்துதான், குழந்தை பிறந்த முதல் வாரத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2009-இல் கூட்டாக அறிவுறுத்தின. இந்தியாவில் 2011-இல் இதற்கென்றே ஒரு திட்டம் வந்தது. அதன்படி 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில், மொத்தம் ஆறு முறை ஆஷா பணியாளர் வீட்டுக்கு வர வேண்டும். வீட்டிலேயே பிரசவமாகியிருந்தால் முதல் நாளும் சேர்த்து ஏழு முறை. தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் மலைப்பகுதி போன்ற சில இடங்களில்தான் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் இந்தப் பொறுப்பு கிராம சுகாதார செவிலியருடையது. நகரங்களில் நகர்ப்புற சுகாதார செவிலியருடையது. மக்கள் வாயில் எல்லோரும் நர்சம்மாதான்.

வந்தால் என்ன பார்ப்பார்?

முதலில் கை கழுவுவார். எந்த நர்சம்மாவாவது சோப்புப் போட்டுக் கைகழுவாமல் உங்கள் குழந்தையைத் தொட வந்தால், தயங்காமல் தண்ணீர் மொண்டு கொடுங்கள். அது அவமரியாதை ஆகாது.

பிறகு வெப்பமானியைக் குழந்தையின் அக்குளில் வைத்துப் பார்ப்பார். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. காய்ச்சலைப் போலவே உடம்பு சில்லிட்டுப் போவதும் பச்சிளங்குழந்தைக்கு ஆபத்து. உள்ளங்கால் சில்லென்று இருந்தால் குழந்தையைத் தாயின் வெறும் மார்பின் மேல் தோலோடு தோலாகப் படுக்கவைத்துப் போர்த்தச் சொல்வார். எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் கங்காரு பராமரிப்பு ஒரு மருந்து போலவே வேலை செய்கிறது. அப்பாவும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

எடையைப் பற்றிப் பல வீடுகளில் வீண் பயம் உண்டு. பிறந்த எடையில் பத்து சதவீதம் வரை முதல் சில நாளில் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் அது திரும்ப ஏறிவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் கவலை. அந்தத் திண்டுக்கல் குழந்தைக்கு 350 கிராம் குறைந்திருந்தது. பன்னிரண்டு சதவீதத்துக்கும் மேல்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, நர்சம்மா அருகில் உட்கார்ந்து ஒரு முறை பால் கொடுக்கச் சொல்லிப் பார்ப்பது. மருத்துவமனையின் நெரிசலில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை. குழந்தையின் வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கிறதா, முகவாய் மார்பைத் தொடுகிறதா, காம்பை மட்டும் கவ்வாமல் அதைச் சுற்றிய கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறதா என்று பார்ப்பார். காம்பு வெடித்துத் தாய் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுக்கிறாள் என்றால் பெரும்பாலும் பொருத்தும் விதத்தில்தான் பிழை. தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றைத் தொடும்படி திருப்பிப் பிடித்தால் பல நேரம் அந்த நிமிஷமே வலி குறையும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஆறு துணியாவது நனைந்தால் பால் போதுகிறது என்று பொருள். “எனக்குப் பாலே ஊறல” என்று அழும் பெண்ணுக்கு, நனைந்த துணிகளை எண்ணிக் காட்டுவதை விடப் பெரிய ஆறுதல் இல்லை.

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவார். தொப்புள் கொடியைப் பார்ப்பார். அது காய்ந்து தானாக விழும்வரை அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது.

பாட்டியோடு பேசத் தெரிந்தவர்

வீட்டுக்கு வரும் செவிலியருக்குத் தாயை விடப் பாட்டியிடம்தான் பேச்சு அதிகம் இருக்கும். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ ‘சேனை’ தொட்டு வைப்பது, வசம்பும் ஜாதிக்காயும் இழைத்து உரை மருந்து புகட்டுவது, குளிக்க வைக்கும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது, தொப்புளில் சாம்பல் வைப்பது, அறை நிறையச் சாம்பிராணி போடுவது எல்லாம் இன்றும் நடக்கின்றன. இவற்றைச் செய்பவர்கள் குழந்தை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதட்டினால் நர்சம்மா தெருத் திரும்புவதற்குள் சங்கு எடுத்துப் புகட்டிவிடுவார்கள்.

ஆனாலும் உண்மையைச் சொல்லாமல் விட முடியாது. சீம்பால் குழந்தைக்குக் கிடைக்கும் முதல் தடுப்பு மருந்து. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை, சித்திரை வெயிலிலும்.

நான் பார்த்த நர்சம்மா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பாட்டியிடம் தடை போடுவதற்கு முன் ஒரு பொறுப்பைக் கொடுப்பார். “அம்மா, துணி எத்தனை நனையுதுன்னு நீங்கதான் கணக்கு வச்சிருக்கணும். அடுத்த தடவை வரும்போது உங்களைத்தான் கேப்பேன்.” கணக்கு வைக்கும் பாட்டி கவனிக்கத் தொடங்கிவிடுகிறார். அப்புறம் சொல்வதைக் கேட்கிறார்.

தாயை யார் பார்ப்பது?

பிள்ளை பிறந்த வீட்டில் எல்லாக் கண்களும் தொட்டிலின் மேலேயே இருக்கின்றன. கட்டிலில் கிடப்பவளை ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பதோடு சரி. பத்தியம் என்ற பேரில் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. பால் கொடுப்பவளுக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். கீரை, முட்டை, பருப்பு, பழம் எல்லாம் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடர வேண்டும். ஆனால் ‘பிள்ளைதான் பொறந்தாச்சே’ என்று அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

நர்சம்மா ரத்த அழுத்தம் பார்ப்பதை வெறும் சடங்கு என்று எண்ணாதீர்கள். கர்ப்பத்தில் இயல்பாக இருந்த ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகு ஏறி வலிப்பில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. கடுமையான தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், துர்நாற்றத்துடன் உதிரப்போக்கு, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுதும் நனையும் அளவு ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் என இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

மனதைப் பற்றியும் கேட்க வேண்டும். பிரசவமான முதல் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் நேர்வதுதான். இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் தூக்கமில்லாமல், குழந்தை மேல் பிடிப்பில்லாமல், ‘நான் இருந்து என்ன பயன்’ என்று ஒருத்தி நினைக்கிறாள் என்றால், அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. மாமியாரும் நாத்தனாரும் சுற்றியிருக்கும்போது அவள் வாய் திறக்க மாட்டாள். நல்ல செவிலியர் “எனக்குக் கொஞ்சம் சூடா டீ போட்டுத் தாங்களேன்” என்று வீட்டாரை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்.

கட்சிரோலியில் நடந்தது

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்று கேட்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் பதில் சொல்லும். மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் அங்கே 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கச் செய்தார்கள். மூன்று ஆண்டுகளில், இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமங்களோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது. 1999-இல் லான்செட் இதழில் வெளியான இந்த ஆய்வுதான் 2011-இன் தேசியத் திட்டத்துக்கு அடித்தளம். பெரிய கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. தராசும் வெப்பமானியும் கடிகாரமும் கொஞ்சம் மருந்தும், தவறாமல் போய்க் கதவைத் தட்டிய பெண்களும்தான்.

தாய்வீட்டுக்குப் போனவளின் முகவரி

நம் ஊர்களில் இந்த ஏற்பாடு கைநழுவும் இடம் ஒன்று உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள். கர்ப்பத்தைப் பதிவு செய்தது கணவன் ஊர் நர்சம்மா. பிரசவம் நடப்பது தாய்வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில். அந்த ஊர் நர்சம்மாவுக்கு இப்படி ஒரு குழந்தை வந்திருப்பதே தெரியாமல் போகலாம். மாநில அரசின் கர்ப்பிணிப் பதிவேடான பிக்மியில் எண் இருக்கிறது. ஆனால் எண் இருப்பதாலேயே ஒருவர் வாசலுக்கு வந்துவிடுவதில்லை. நான் பார்த்த வீட்டுக்கு நர்சம்மா வந்ததே, கணவன் ஊர் செவிலியர் “நம்ம பொண்ணு ஒண்ணு உங்க ஊருக்கு வந்திருக்கு, பாத்துக்கங்க” என்று போன் செய்ததால்தான்.

தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொள்ளும் நகரத்துக் குடும்பங்களும், வேலை தேடி வந்து கட்டுமான இடங்களில் தங்கியிருப்பவர்களும் இதே போல விடுபட்டுப் போகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலர் செவிலியரைத் திருப்பி அனுப்பிய கதைகளையும் கேட்டிருக்கிறேன்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அங்குள்ள கிராம சுகாதார செவிலியர்தான் கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், முகாமுக்குப் போக வேண்டும், இத்தனையையும் பதிவேட்டிலும் கணினியிலும் ஏற்ற வேண்டும். பதிவு வேலைக்கு அவருக்குத் துணை கொடுத்து, வீடுகளுக்குப் போகும் நேரத்தை மீட்டுக் கொடுப்பது அரசு செய்ய வேண்டிய முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

நர்சம்மாவுக்காகக் காத்திருக்க வேண்டாத நேரங்கள்

குழந்தை பால் குடிக்க மறுத்தால்; எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால்; வலிப்பு வந்தால்; நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால், மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்தால்; உடம்பு கொதித்தால் அல்லது சில்லிட்டால்; பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், அல்லது எந்த நாளிலும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால்; தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வைத்தால், உடனே 108-ஐ அழையுங்கள். காலை வெயிலில் காட்டிப் பார்ப்போம் என்று ஒரு நாளை வீணாக்காதீர்கள். முற்றிய மஞ்சள் மூளையைத் தாக்கினால் காது கேளாமை முதல் வாழ்நாள் ஊனம் வரை கொண்டுபோய் விடும். அரசு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணின் பையில் வளையலும் பலகாரமும் வைப்பீர்கள். அதோடு பிக்மி எண்ணையும், அந்த ஊர் நர்சம்மாவின் போன் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். குழந்தை பிறந்த அன்றே யாராவது ஒருவர் அந்த எண்ணுக்குப் பேசிவிடுங்கள்.